அசையாப் பொருளும் அடங்கிய விசையும்



மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை மாட்டுவதை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். பார்த்திராதவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அறியலாம். நான் வாழும் திருவண்ணாமலையில் முன்பெல்லாம் வண்டிப் பட்டறைகளில் இது அடிக்கடி காணும் காட்சி. மரச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதாக இரும்புப் பட்டையை வளைத்து இணைத்துக்கொள்வார் கொல்லர். அதனைத் தரையில் கிடத்தி, வறட்டியை மேலும் கீழும் அடுக்கித் தீ மூட்டுவார். பட்டை பழுக்கக் காய்ந்ததும் இருவர் மூவராகச் சேர்ந்து குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் பொருத்திச் சம்மட்டியால் தட்டுவர். உடனே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவர். ஆவி எழும், மரம் நெரியும் ஓசை கேட்கும், ஆரக்கால்கள் குடத்திற்குள் இறுகிக்கொள்ளும்.

இதில் உள்ள பௌதிகத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் குறுக்களவு ஒன்றரை மீட்டர் என்று கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 4.7 மீட்டர். ஒரு பாகை செல்சியஸ் சூடேறும்போது இரும்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. 500 பாகை சூடேற்றினால் அந்தப் பட்டை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் நீளும். சிறியதாக வெட்டிய பட்டை பெரிய சக்கரத்தில் எளிதாக நுழைவது இதனாலேதான். ஆறும்போது அது தன் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது. மரம் தடுக்கிறது. பட்டை முழுதும் திரும்ப இயலாமல் இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடுகிறது. மரமோ அமுக்குண்ட நிலையில் நின்றுவிடுகிறது.

இனி அந்தச் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வையுங்கள். பாரம் இல்லை, மாடு இல்லை, பாதை இல்லை. பார்வைக்கு அது ஓய்ந்து கிடக்கும் பொருள். ஆயினும் அதனுள்ளே இரும்பு இழுக்கிறது, மரம் எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்கின்றன. தேரின் வடத்தை இரு பக்கமும் சமபலத்தோடு இழுத்தால் வடம் அசையாது. அசையாததனால் அதில் விசை இல்லை என்று யாரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். அசைவின்மை வேறு, விசையின்மை வேறு.

வெளியிலிருந்து எந்த விசையும் தாக்காதபோதும் ஒரு பொருளுக்குள் தங்கி நிற்கும் இத்தகைய இழுப்பையும் அமுக்கத்தையும் எச்சத் தகைவு என்கிறோம். ஒரு பரப்பின் மீது செயற்படும் விசையை அந்தப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. அது செய்யப்பட்ட காலத்திலிருந்து எஞ்சி நிற்பதால் எச்சம். பொருள் பிறந்த விதம், அது பட்ட சூடு, தாங்கிய அடி, வளைந்த வளைவு ஆகிய அனைத்தும் அதன் உள்ளே இவ்வாறு பதிந்திருக்கின்றன. அந்தப் பதிவை எவ்வாறு படிப்பது, குறிப்பாக லேசர் ஒளியைக் கொண்டு எவ்வாறு படிப்பது என்பதே இன்றைய பேச்சு.

வண்டிச் சக்கரத்தில் இரும்பும் மரமும் ஆகிய இரு பொருள்கள் உள்ளன. ஆனால் ஒரே பொருளிலும் இது நிகழும். இரண்டு எஃகுத் தகடுகளைப் பற்றவைப்பதை எண்ணிப் பாருங்கள். உருகிய உலோகம் இணைப்பில் ஊற்றாக நிற்கிறது. இரு புறமும் உள்ள தகடு குளிர்ந்தே இருக்கிறது. இணைப்பு ஆறிச் சுருங்க முயலும்போது குளிர்ந்த தகடு அதனைச் சுருங்க விடுவதில்லை. முடிவில் பற்றவைத்த கோடு நெடுகிலும் இழுவிசை நிலைத்துவிடுகிறது. அது அந்த எஃகு நிலையாக உருமாறத் தொடங்கும் எல்லை வரைக்கும்கூட உயரக்கூடும். சாதாரணக் கட்டட எஃகுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 250 மெகாபாஸ்கல். இது எவ்வளவு? ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பியில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தொங்கவிட்டதற்குச் சமம். யாரும் எதையும் தொங்கவிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் ஒரு சிப்பத்தின் பாரத்தைச் சுமக்கிறது!

இத்தகைய மறைந்த பாரம் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகள், துப்பாக்கித் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தன. மழைக்காலம் முடிந்தபின் எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகள் பல, ஒருமுறையும் சுடப்படாமலே வெடித்துக் கீறியிருந்தன. பருவந்தோறும் நேர்ந்ததால் இதனைப் பருவ வெடிப்பு என்றே அழைத்தனர். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921ஆம் ஆண்டில் காரணத்தை விளக்கினர். தோட்டாக் கூடு தட்டையான பித்தளைத் தகட்டிலிருந்து அச்சில் அழுத்தி இழுத்துச் செய்யப்படுவது. அப்போது அதன் சுவரில் இழுவிசை எஞ்சிவிடுகிறது. லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா ஆவி எழுகிறது. மழைக்காலத்தில் ஈரம் மிகுதி. ஈரத்தில் கரைந்த அம்மோனியா பித்தளையை அரிக்கிறது; உள்ளிருந்த இழுவிசை அந்த அரிப்பைப் பிளவாக்குகிறது. அம்மோனியா மட்டுமிருந்தால் கூடு கறுத்திருக்கும், அவ்வளவே. தகைவு மட்டுமிருந்தால் கூடு நெடுநாள் நன்றாகவே இருந்திருக்கும். இரண்டும் கூடியபோதுதான் கேடு விளைந்தது. பரிகாரமும் எளிதாகவே அமைந்தது. கூடுகளை 300 பாகைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் சிறிது நேரம் வைத்து ஆறவிட்டால் உள்ளிருக்கும் இழுவிசை பெரும்பாலும் தணிந்துவிடும்.

இன்னொரு சான்று கடலைச் சார்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ஆணியால் பிணைப்பதை விட்டு, முழுதும் பற்றவைத்த கப்பல்களை விரைவாகக் கட்டியது. அவற்றுள் ஷெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் 1943ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் இரவில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்தில், அமைதியான துறைநீரில் கட்டப்பட்டிருந்தது. புயல் இல்லை, போர் இல்லை. பெரும் ஓசையோடு அதன் தளமும் பக்கங்களும் பிளந்து, கப்பல் ஏறத்தாழ இரண்டாக முறிந்தது. குளிரில் எளிதில் நொறுங்கக்கூடிய எஃகு, பற்றவைப்பில் இருந்த குறைகள், மூலைகளில் குவிந்த விசை ஆகியவை இத்தகைய முறிவுகளுக்குக் காரணம் என்று பின்னர்த் தெளிந்தது. பற்றவைப்பில் எஞ்சிய தகைவுக்கும் இவற்றுள் எவ்வளவு பங்கு என்பது அக்காலப் பொறியியலாரை நெடுநாள் ஈடுபடுத்திய ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சி எழுப்பிய கேள்வி ஒன்றே: உள்ளே எவ்வளவு இருக்கிறது?

எச்சத் தகைவு எப்போதும் பகையென்று எண்ணிவிட வேண்டா. வண்டிச் சக்கரத்தைக் காப்பதே அதுதான். பேருந்தின் பக்கக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை 600 பாகைக்கு மேல் சூடேற்றி, இரு முகங்களிலும் குளிர்காற்றை வேகமாக வீசி ஆற்றுகிறார்கள். முகங்கள் முதலில் உறைகின்றன. நடுப்பகுதி பின்னர் ஆறிச் சுருங்கும்போது முகங்களை உள்நோக்கி இழுத்து அமுக்கத்தில் வைக்கிறது. கண்ணாடி உடைவது மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல் விரிவதால். அமுக்கத்தில் உள்ள கீறல் எளிதில் விரியாது. ஆகவே அந்தக் கண்ணாடி வலுப்பெறுகிறது. உடைந்தாலும் கத்தி போன்ற துண்டுகளாகாமல் கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாக உதிர்கிறது.

உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விழவைத்தால் வாலுள்ள ஒரு துளி கிடைக்கும். ரூப்பர்ட் இளவரசர் துளி என்பது அதன் பெயர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து விஞ்ஞானிகளை வியக்கவைத்த பொருள் அது. அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடைவதில்லை. வாலை விரலால் ஒடித்தால் துளி முழுவதும் பொடியாகிவிடும். ஸ்ரீனிவாசன் சந்திரசேகர் என்ற பேராசிரியரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சௌத்ரியும் 1994இல் இதனை அதிவேகப் படமெடுத்து, பிளவு நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் தலையை நோக்கிப் பாய்வதைக் கண்டனர். பின்னர் எஸ்தோனிய நாட்டு ஹில்லர் ஆபெனுடன் சேர்ந்து ஒளியால் அளந்தபோது, துளியின் மேற்பரப்பில் 700 மெகாபாஸ்கல் வரை அமுக்கம் இருப்பது தெரிந்தது. வளிமண்டல அழுத்தத்தைப் போல இது ஏறக்குறைய 7,000 மடங்கு!

ஆகவே, எச்சத் தகைவு நன்றா தீதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. அது இழுப்பா அமுக்கமா, எந்த இடத்தில், எவ்வளவு என்பதே கேள்வி. நம் நாட்டில் இக்கேள்வி எங்கெல்லாம் எழுகிறது என்று பாருங்கள். திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலை பற்றவைத்துச் செய்யும் கொதிகலன்களில் எழுகிறது. பெரம்பூரில் 1955இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் ரயில் பெட்டிகளில் எழுகிறது. எங்கள் ஊரில் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதியில் உலா வருகின்றன. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களுக்கு இரும்புச் சக்கரங்களையும் தடைகளையும் அதே பெல் நிறுவனம் செய்து பொருத்தியது. ஒரு சக்கரமோ அச்சோ பெருங்கூட்டத்தின் நடுவே முறியக் கூடாதென்றால், அதன்மேல் ஏறும் பாரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. உள்ளே முன்பே குடியிருக்கும் பாரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அதை அளப்பது எப்படி? சந்தையில் மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்த்து வாங்குகிறார். எங்கள் பக்கத்துக் கல்தச்சரும் உளியால் தட்டி, ஓசையைக் கேட்டுக் கல்லின் தரம் அறிவார். ஓசை கீறலைச் சொல்லும். கீறல் விழாத கல்லுக்குள் எவ்வளவு விசை அடங்கியிருக்கிறது என்பதைச் செவியால் எண்ணிக்கையாகச் சொல்ல இயலாது. தராசும் உதவாது, ஏனெனில் இழுப்பும் அமுக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

சமநிலையைச் சற்றே குலைத்தால் மட்டுமே உள்ளிருப்பது வெளிப்படும். நன்கு இழுத்துக் கட்டிய துணியில் ஊசியால் ஒரு துளையிட்டால், துளை ஒரு பக்கமாக நீண்டு விரியும். துணி எத்திசையில் இழுபட்டிருந்தது என்பதைத் துளையின் வடிவமே சொல்லிவிடும். இதே கருத்தை ஜெர்மானியரான மாத்தர் 1934ஆம் ஆண்டில் உலோகத்தில் கையாண்டார். சிறிய துளை ஒன்றைப் போட்டு, அதைச் சுற்றியுள்ள பரப்பு எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது அவருடைய முறை. இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால் அதைச் சுற்றித் தகைவு எவ்வாறு மாறும் என்பதைக் கிர்ஷ் என்பவர் 1898இலேயே கணக்கிட்டிருந்தார். ஆகவே நகர்வை அளந்தால், பின்னோக்கிக் கணக்கிட்டுத் தகைவை அறியலாம்.

இடர்ப்பாடு எங்கே என்றால் அளவில். எஃகில் 100 மெகாபாஸ்கல் தகைவு இருப்பதாகக் கொள்வோம். எஃகின் யங் குணகம் ஏறக்குறைய இரண்டு லட்சம் மெகாபாஸ்கல். வகுத்துப் பாருங்கள்: இரண்டாயிரத்தில் ஒரு பங்கு திரிபு. ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்கு அரை மைக்ரான் மாற்றம்! நம் தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்கும் இல்லை இது. துளையைச் சுற்றி நிகழும் நகர்வு இதனினும் குறைவாகவே இருக்கும். இவ்வளவு நுண்ணிய அளவுகோலை எங்கே தேடுவது?

அந்த அளவுகோல் இயற்கையில் ஆயத்தமாகவே இருக்கிறது. ஒளியின் அலைநீளமே அது. சிவப்பு ஒளியின் அலைநீளம் முக்கால் மைக்ரானுக்கும் குறைவு. நாம் அளக்க விரும்பும் நகர்வும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

ஒளியைக் கொண்டு தகைவைக் காணும் வழி முதலில் கண்ணாடியில் திறந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் புரூஸ்டர் 1815ஆம் ஆண்டையொட்டி, தகைவுக்கு உள்ளான கண்ணாடியைத் தளவிளைவுற்ற ஒளியில் பார்த்தால் வண்ணங்கள் தோன்றுவதைக் கண்டார். தகைவு கண்ணாடியில் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைச் சற்றே பின்தங்கச் செய்கிறது. இரண்டும் மீண்டும் சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மறைகின்றன. பிற்காலத்தில் மின்காந்தக் கொள்கையை அளித்த மாக்ஸ்வெல், உங்கள் வயதில், கண்ணாடித் துண்டுகளைக் காய்ச்சி விரைவாக ஆறவைத்து, அவற்றில் தெரிந்த வண்ணக் கோலங்களை நீர்வண்ணத்தில் தீட்டினார். அந்தப் படங்களைக் கண்டு மகிழ்ந்த வில்லியம் நிக்கல் தாம் செய்த படிகப் பட்டகங்களை அவருக்குப் பரிசாக அனுப்பினார்.

இதனை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கணினித் திரையை வெறும் வெள்ளையாக ஒளிரவிடுங்கள். பெரும்பாலான தட்டைத் திரைகளிலிருந்து வரும் ஒளி தளவிளைவுற்றதே. ஜியாமிதிப் பெட்டியில் உள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் கோணமானியைத் திரையின் முன் பிடித்து, போலராய்டுக் கண்ணாடி வழியே பாருங்கள். கண்ணாடியை மெல்லத் திருப்புங்கள். திரை இருளும்போது கோணமானியில் மட்டும் மயிற்கழுத்து வண்ணங்கள் தோன்றும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாயருகே வண்ணங்கள் நெருங்கியிருக்கும். அவற்றில் எச்சத் தகைவுக்கும், உறையும்போது மூலக்கூறுகள் அமைந்த ஒழுங்குக்கும் பங்குண்டு. கோணமானியை மெல்ல வளையுங்கள், வண்ணங்கள் இடம்பெயரும். தகைவைக் கண்ணால் கண்ட பேறு உங்களுக்குக் கிட்டும்.

இந்த வண்ணங்களை இன்று கணினி எண்களாக மாற்றிவிடுகிறது. சென்னையில் 1959இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கே. ரமேஷ் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர். கணினிவழி ஒளிமீட்சியியல் பற்றி அவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உலக அளவில் அறியப்பட்டது. கண்ணாடியில் எஞ்சும் தகைவை அளப்பது அவர் குழுவினரின் ஆராய்ச்சிகளுள் ஒன்று.

கண்ணாடி ஒளியை உள்ளே விடும். எஃகு விடாதே, அங்கே என்ன செய்வது? இங்கேதான் லேசர் வருகிறது. தியோடர் மைமான் 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் முதல் லேசரை இயக்கினார். விளக்கொளியில் அலைகள் சந்தைக் கூட்டம் போல ஒழுங்கின்றி வருகின்றன. லேசரில் அவை அணிவகுத்த படைபோல ஒரே நிறத்தில், ஒன்றோடொன்று அடியொத்து வருகின்றன. இந்த ஒழுங்கினால் விளையும் ஒரு விந்தையைப் பாருங்கள். லேசர் ஒளியைச் சுவரில் பாய்ச்சினால் ஒளிப்பொட்டு மழமழப்பாகத் தெரியாது. மணல் தூவியதுபோல் நுண்ணிய ஒளிப் புள்ளிகளும் இருட் புள்ளிகளுமாக மின்னும். சுவர் நம் கண்ணுக்கு வழவழப்பாக இருந்தாலும் ஒளி அலைக்கு அது மேடும் பள்ளமும் நிறைந்த காடு. ஒவ்வொரு மேட்டிலிருந்தும் சிதறிய அலைகள் கண்ணில் கூடும்போது, முகடும் முகடும் சேர்ந்த இடம் ஒளிர்கிறது. முகடும் அகடும் சேர்ந்த இடம் இருள்கிறது. இதனைப் புள்ளிக்கோலம் என்று சொல்லலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: லேசரை யாருடைய கண்ணிலும் பாய்ச்சக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது.

இந்தப் புள்ளிக்கோலத்தின் வரலாற்றில் நம்மவர் பெயர் உண்டு. லேசர் பிறப்பதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1943இல், பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜி. என். ராமச்சந்திரன், பொடி தூவிய கண்ணாடியின் வழியே தோன்றும் ஒளிவட்டத்தில் ஒளி சீராக இராமல் ஏறியும் இறங்கியும் இருப்பதை ஆராய்ந்து எழுதினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர் அவரே.

புள்ளிக்கோலம் பரப்பின் கைரேகை போன்றது. பரப்பு ஒளியலையின் ஒரு பங்கு அளவுக்கு நகர்ந்தாலும் புள்ளிகளின் ஒளி மாறிவிடும். இங்கிலாந்தில் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டர்ஸ், லீண்டர்ட்ஸ் ஆகிய இருவரும் 1970ஐ ஒட்டி இதனைத் தொலைக்காட்சிக் காமிராவால் பதிந்து அளக்கும் முறையை வகுத்தனர். அது நடைபெறும் விதம் இது.

சோதிக்க வேண்டிய எஃகின்மேல் இடப்புறமும் வலப்புறமும் ஒரே சாய்வில் இரண்டு லேசர்க் கற்றைகளைப் பாய்ச்சுகிறோம். காமிரா புள்ளிக்கோலத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஆழமற்ற துளை ஒன்றை மெல்ல இடுகிறோம். அடைபட்டிருந்த தகைவு துளையருகே விடுபடுகிறது. சுற்றுப்புறம் நுண்ணளவில் நகர்கிறது. மீண்டும் ஒரு படம். முதற்படத்திலிருந்து இரண்டாம் படத்தைக் கணினி கழிக்கிறது. மாறாத புள்ளிகள் கழிந்து இருளாகின்றன, மாறியவை ஒளிர்கின்றன. துளையைச் சுற்றி வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் போல வரிகள் விரிகின்றன. ஹீலியம்–நியான் லேசரின் அலைநீளம் 0.6328 மைக்ரான். கற்றைகள் 45 பாகை சாய்ந்திருந்தால், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு நகர்வின் வேறுபாடு 0.447 மைக்ரான். வரிகளை எண்ணினால் நகர்வு கிடைக்கும். கற்றைகளின் அலைநிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்தால் ஒரு வரியின் சிறு பின்னத்தையும், நகர்ந்த திசையையும் அறியலாம். அதிலிருந்து இழுப்பா அமுக்கமா என்பதும், எத்தனை மெகாபாஸ்கல் என்பதும் கணக்கில் வெளிப்படும்.

பழைய முறையில் துளையைச் சுற்றி மூன்று திரிபுமானிகளை ஒட்ட வேண்டும்; பரப்பைத் தேய்த்துத் துடைக்க வேண்டும்; கிடைப்பவை மூன்று எண்கள். ஒளிமுறையில் எதையும் ஒட்டுவதில்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அளவீடு. இட்ட துளை சிறிதாதலால் பல பொருள்களில் அதனைச் சீர்செய்துவிடவும் கூடும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பௌதிகத் துறையில் இத்தகைய புள்ளிக்கோல அளவையை வளர்த்தவர் பேராசிரியர் ஆர். எஸ். சிரோஹி. அவர் தொகுத்த நூல் 1993இல் வெளிவந்தது. பின்னர் அவர் டில்லி தொழில்நுட்பக் கழகத்தின் இயக்குநரானார்.

சி. வி. ராமனின் பெயரை முன்பே சொன்னேன். அவருடைய கண்டுபிடிப்பும் இதே பணிக்கு வந்திருக்கிறது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் வெளிப்பட்ட ராமன் விளைவின்படி, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் அணுக்களின் அதிர்வைப் பொறுத்தது. வீணையின் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவதுபோல, படிகத்தில் தகைவு இருந்தால் அணுக்களின் அதிர்வும் மாறும். ராமன் சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் கொண்டு உழைத்தார். இன்று லேசர் அந்த மெல்லிய ஒளியை எளிதில் பிடித்துத் தருகிறது. கணினிச் சில்லுகளின் சிலிக்கனில் இந்த அதிர்வு சென்டிமீட்டருக்கு 520 அலை என்ற இடத்தில் நிற்கும். இழுத்தால் குறையும், அமுக்கினால் கூடும். ஒரே ஒரு அலகு மாறினால் ஏறக்குறைய 430 மெகாபாஸ்கல் தகைவு என்று பொருள். ஒரு மைக்ரான் அகல இடத்தையும், துளையிடாமல், தொடாமல் இவ்வாறு சோதிக்கலாம்.

ஒளியால் எல்லாம் ஆகும் என்று நான் சொல்லவில்லை. உலோகத்தின் ஆழத்தில் என்ன இருக்கிறதென்று லேசர் காட்டாது. அதற்கு எக்ஸ் கதிர், நியூட்ரான், ஒலியலை, காந்த முறைகள் ஆகியவை துணைவர வேண்டும். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அத்தகைய முறைகள் பல கையாளப்படுகின்றன. மேலும், அரை மைக்ரானை அளக்கும் கருவிக்குப் பக்கத்துச் சாலையில் செல்லும் லாரியின் அதிர்வே பூகம்பம். ஆய்வுக்கூடத்தில் கனத்த மேடைமேல் வைத்து அளக்கலாம். தொழிற்சாலையில் என்ன செய்வது? பிரேசில் நாட்டில் சாண்டா கத்தரீனா பல்கலைக்கழகத்தார், எரிவாயுக் குழாயின்மேல் நேரே பொருத்தி, குழாயோடு சேர்ந்தே அதிரும்படியான சிறிய லேசர்க் கருவியை அமைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து அசைந்தால் ஒன்றுக்கொன்று அசைவில்லை அல்லவா? எளிய எண்ணம், பெரிய பயன். நம் தொழிற்கூடங்களிலும், பழைய பாலங்களிலும், தேரின் அச்சுகளிலும் இவ்வாறு எடுத்துச் சென்று அளக்கத்தக்க கருவிகள் பெருக வேண்டும். அவற்றை மலிவாகவும் உறுதியாகவும் செய்வது உங்கள் தலைமுறைக்குக் காத்திருக்கும் வேலை.

அளந்தபின் என்ன பயன் என்று கேட்கலாம். தோட்டாக் கூட்டிற்குச் செய்ததுபோல் சூடேற்றித் தணிக்கலாம். கண்ணாடிக்குச் செய்ததுபோல் மேற்பரப்பில் வேண்டுமென்றே அமுக்கத்தை ஊட்டலாம். தணிக்கவும் ஊட்டவும் இயலாத இடத்தில் ஏற்றும் பாரத்தையாவது குறைக்கலாம். அளவு தெரியாதவரையில் இம்மூன்றும் குருட்டு வேலையே. தெரிந்துவிட்டால் அதே விசை நமக்கு அடிமை.

வண்டிப் பட்டறைக் கொல்லருக்கு மெகாபாஸ்கல் தெரியாது. ஆனால் பட்டையை எத்தனை விரற்கடை குறைத்து வெட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மிகக் குறைத்தால் பட்டை தெறிக்கும், அல்லது ஆரக்கால் நெளியும். குறையாவிட்டால் சக்கரம் கழன்றுவிடும். பல தலைமுறைப் பழக்கத்தில் அவர் கையில் அந்த அளவு இருந்தது. நாம் செய்யும் பொருள்களோ கொதிகலனும், அணு உலையும், விண்கலமுமாக வளர்ந்துவிட்டன. தவறிப் பார்த்துத் திருத்திக்கொள்ளப் பல தலைமுறை அவகாசம் நமக்கு இல்லை. கையின் பழக்கம் செய்த வேலையை இனி அளவுகோல் செய்ய வேண்டும். அந்த அளவுகோல்களுள் மிக நுண்ணியதொன்று ஒளி.